குழாய்த் தண்ணியும் என் ரத்தமும்

...அதைத்தான் அக்கா நானும் கேக்கறேன், ரத்தம் எடுக்க வர்றவங்க வந்த உடனே கையைப் புடிச்சா எப்படி? 'எப்படிப்பா இருக்க'ன்னு ஒரு வார்த்தை கிடையாது. நேரா முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டிப் பாக்கறது, தர்பூசணி வாங்க வந்தவங்க மாதிரி. நீங்க அப்படி இல்ல. வந்தீங்க, தட்டை வெச்சீங்க, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தீங்க. ஊசியை இன்னும் கண்ணுல கூட காட்டல. நல்லவங்க. அதுக்காகவே உங்களுக்கு ஒண்ணு சொல்லப் போறேன். சிரிப்பீங்க. வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பீங்க. இந்த வார்டுல நடந்த கூத்துலயே பெரிய கூத்து.

ஆனா இப்ப சொல்ல மாட்டேன்.

மணி என்ன... அஞ்சு பதினஞ்சு. ஆறு மணிக்குத்தானே மருந்து பாட்டில் மாட்டுவாங்க? அதுக்கு அரை மணி முன்னாடிதானே நீங்க ரத்தம் எடுக்கணும்? அப்ப இன்னும் நேரம் கெடக்கு. சும்மா உக்காருங்க. எனக்கு எல்லாம் தெரியும்க்கா, ஆறு நாளா இதே பாட்டுதான். கண்ணாடி டாக்டர் இருக்காரே, மூக்கு நுனியில கண்ணாடியை நிறுத்தி வெச்சுக்கிட்டு அதுக்கு மேல பாப்பாரே, அவர் சொல்லிக் கொடுத்தார். "ஹ்ம்ம்ம்... தம்பி... ஒரு தண்ணித் தொட்டி இருக்குன்னு வெச்சுக்க. ஹ்ம்ம்ம். காலையில ரொப்பறோம், சாயங்காலம் ரொப்பறோம். நடுவுல தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கும். மறுபடி ரொப்பறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எட்டிப் பாத்தா அடியில எவ்வளவு கெடக்கு? அதான் கணக்கு. ரொம்பக் குறைஞ்சா கிருமி சாகாது. ரொம்ப நின்னா... ஹ்ம்ம்ம்... கிட்னி காதெல்லாம் போயிரும்."

எப்படி? அப்படியே அவர்தானே? கண்ணை மூடிக்கிட்டு கேட்டுப் பாருங்க, கண்ணாடி தெரியும்.

சிரிக்க மாட்டீங்களே. பரவால்ல. இது இல்ல அந்த சிரிப்பு. அது வேற.

முதல்ல இந்தத் தலையணையைப் பாருங்க. இதுக்குள்ள பஞ்சா, பழைய செருப்பான்னு எனக்குச் சந்தேகம். அப்புறம் அந்தப் பக்கத்துக் கட்டில். நாலரைக்கு அந்த மாமாவை ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டுப் போனாங்க, எப்ப திரும்பி வந்தார்னே தெரியல, திரையை இழுத்து மூடிக்கிட்டார். பாருங்க, திரை ஆடுது. மனுஷனுக்கு விக்கல். நாள் பூரா விக்கல். ராத்திரி அவர் விக்கினா என் கட்டிலும் சேந்து குதிக்கும். இதெல்லாம் யார்கிட்ட சொல்றது?

அட்டை திரும்பியிருக்கு அக்கா. உங்க கழுத்து அட்டை. பேர் அந்தப் பக்கம் போயிருச்சு. இருக்கட்டும் இருக்கட்டும், புதுசுதானே. ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் வரீங்க, அதுதான் இந்த வார்டோட அழகு. முதல் நாள் ஒரு ஒல்லி அண்ணன் வந்தார், கொட்டாவி விட்டுக்கிட்டே குத்தினார். அடுத்த தடவை ஒரு மாமா. வாய்க்குள்ளயே பாடுவார், பாட்டு உச்சத்துக்குப் போறப்ப குத்துவார். மூணாவது ஒரு அக்கா. "எறும்பு, எறும்பு, சின்ன எறும்பு"ன்னாங்க. எனக்குப் பதினாறு வயசு, எறும்பாம். மூணு பேரும் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. பேரும் கட்டில் நம்பரும் எழுதின இந்தக் கைக்கட்டைப் பாத்தாங்க. "பதினேழாம் கட்டிலா? சரி." அவ்வளவுதான். மூஞ்சியை ஒருத்தரும் பாக்கல.

என்ன எழுதறீங்க? நேரமா? அதுக்குள்ளயா? சரி எழுதுங்க.

இல்ல, ஏன் மூஞ்சியைப் பாக்கலன்னா, நீங்க வர்ற நேரம் அப்படி. சிஸ்டருங்க மாறுற நேரம். பகல் சிஸ்டரும் ராத்திரி சிஸ்டரும் அந்த மேஜையில தலையை முட்டிக்கிட்டு "நாலாம் கட்டிலுக்குப் பேதி, ஒம்பதாம் கட்டிலுக்குக் கோவம்"னு ஒப்படைச்சுக்கிட்டு இருப்பாங்க. எங்களைத் தெரிஞ்ச ஒரு கண்ணும் இந்தப் பக்கம் இருக்காது. அந்தக் கால் மணி நேரம் இந்தக் கட்டில்ல ஒரு கரடியைப் படுக்க வெச்சு கையில கட்டு மாட்டி விட்டா, கரடி ரத்தம்தான் போகும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சும்மா ஒரு பேச்சுக்கு.

அய்யய்யோ, தட்டு பக்கம் கை போகுது. இருங்க இருங்க. மணி அஞ்சு இருபத்தஞ்சுதான். அக்கா, அந்தப் பட்டையைக் கட்டாதீங்க. ஒரு நிமிஷம். கையைக் கொடுக்க மாட்டேன்னு சொல்லல, இந்தக் கையில எடுத்து எந்தப் பிரயோஜனமும் இல்லன்னு சொல்றேன். சரி. சொல்லிடறேன். பஞ்சு எல்லாத்தையும் கீழ வைங்க.

நான் பதினேழாம் கட்டில் இல்ல.

பதினேழாம் கட்டிலோட தம்பி.

கத்தலையே? எழுந்திருச்சும் போகலையே? அக்கா நீங்க தங்கம். வேற யாரா இருந்தாலும் இந்நேரம் காவலாளியைக் கூப்பிட்டிருப்பாங்க. பாருங்க, இந்தக் கைக்கட்டு... சோப்பு போட்டா வழுக்கிக்கிட்டு வந்துரும். அண்ணன் கையிலேர்ந்து என் கைக்கு. இந்தப் பிளாஸ்திரிக்குக் கீழ ஊசியெல்லாம் கிடையாது, வெறும் தோல். காலுக்குப் போர்வை. கட்டு கிட்டு எதுவும் இல்ல, ரெண்டு காலும் ஜம்முன்னு இருக்கு, வேணும்னா குதிச்சுக் காட்டறேன். வேண்டாமா? சரி.

அண்ணன் எங்கன்னு கேக்கறீங்க... கேக்கலையா? கேட்ட மாதிரியே இருந்துச்சு. கழிவறையில. அந்த வராந்தா கோடியில. உள்ள தாழ்ப்பாள். அஞ்சு மணி அடிச்சா போதும், ஊன்றுகோலைத் தூக்கிக்கிட்டு ஒரு காலால அப்படியே பறப்பான். ஓட்டப்பந்தயத்துல விட்டா ரெண்டு கால்காரங்களை ஜெயிச்சுருவான்.

அக்கா, எங்க அண்ணன் யார் தெரியுமா? கால்பந்துல கோல் காக்கறவன். ஆறடி. எதிராளி ஓடி வரப்ப அவன் கால்ல தலையைக் கொடுத்துப் பாயறவன். போன மாசம் அப்படிப் பாஞ்சு கோல்கம்பத்துல காலை மோதிக்கிட்டான், முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா போச்சு. தகடு வெச்சாங்க. தகடு பக்கத்துல கிருமி வந்து குடியேறிருச்சு. அதுக்குத்தான் இந்த மருந்து. எலும்பு முறிஞ்சப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஆனா இந்த ரத்த ஊசியைப் பாத்தா... "ட்ட்ட்டேய்... அது... அது உறிஞ்சும்டா... உள்ள போறது கூட பரவால்லடா, வெளிய இழுக்குதேடா..." உதடு நீலமாயிரும். கையில மருந்து போற ஊசி இருக்கே, அது மட்டும் எப்படின்னு கேட்டா, "அது நான் மயக்கத்துல இருந்தப்ப போட்டது, அதைக் கணக்குல சேக்கக் கூடாது"ங்கறான். இது நியாயமா?

அப்ப ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவனுக்குப் பதிலா நான் கையைக் கொடுக்கணும். அவன் என்ன தரணும்? சைக்கிள் தரேன்னான், வேண்டாம்னேன். கையுறை தரேன்னான், நாறும், வேண்டாம்னேன். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஒரு மாசத்துக்கு நான் எந்தக் குரல்ல பேசிக் காட்டினாலும் அவன் சிரிக்கணும். அக்கா, பதினாறு வருஷம். வீட்டுல எல்லாரையும் சிரிக்க வெச்சிருக்கேன். எங்க அம்மா அழுதுக்கிட்டே சிரிப்பாங்க. எங்க ஹெட்மாஸ்டர் என்னை முட்டி போட வெச்சுட்டு உள்ள போய் சிரிப்பார். இவன் மட்டும் சிரிச்சதே இல்ல. ஒரு தடவை கூட. கல்லு. இப்ப ஒப்பந்தப்படி சிரிக்கறான், "ஹ, ஹ, ஹ"ன்னு, டாக்டர் வாயைத் திறன்னா திறக்கற மாதிரி. அது சிரிப்பா? எனக்கு அதுலயும் நஷ்டம்தான்.

சரி, ரத்தம். முதல் தடவை என் ரத்தம் போச்சு. மறுநாள் முடிவு வந்துச்சு. மருந்து அளவு சைபர்.

எப்படி இருக்கும்? எனக்கு யார் மருந்து போட்டா? நான் சாப்பிட்டது ரெண்டு பிஸ்கட்டு. ஆனா வார்டுக்கு அது தெரியாதே! கண்ணாடி டாக்டர் அந்தக் காகிதத்தைக் கண்ணாடிக்கு மேல பாத்தார், கீழ பாத்தார், கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டுப் பாத்தார். "ஹ்ம்ம்ம்... தொட்டியில ஓட்டையா?" ஒரு கிராமை ஒண்ணேகால் ஆக்கினார்.

ரெண்டாவது தடவை. மறுபடி சைபர். ஒண்ணேகாலை ஒண்ணரை ஆக்கினாங்க. இப்ப வார்டே ஆட்டம் கண்டுருச்சு அக்கா. சிஸ்டர் மருந்தே போடறதில்லையோன்னு ஒரு பேச்சு. அதனால சிஸ்டர் பாட்டிலை மாட்டிட்டு அது முடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னு சொட்டுச் சொட்டா எண்ணினாங்க. நடுவுல யாராவது கூப்பிட்டா, "முதல்ல நூத்தி எழுபத்தி மூணு! முதல்ல நூத்தி எழுபத்தி நாலு!" அப்புறம் மருந்துக் கடைக்காரர் மேல சந்தேகம். பாட்டில் சீல் உடைக்காம, மூணு பேர் கையெழுத்தோட, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வருது. அப்புறம் பதினாலு மாணவர்கள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு எங்க அண்ணன் வயித்தைத் தட்டித் தட்டிப் பாத்தாங்க, மருந்து எங்க போய் ஒளிஞ்சிருக்குன்னு. ஒருத்தர் சொன்னார், எல்லாம் வேர்வையில போகுது சார்னு. அவ்வளவுதான், அண்ணன் பனியனைக் கழட்டிப் பையில போட்டு, மேல எண் எழுதி, ஆய்வுக்கு அனுப்பிட்டாங்க. அந்தப் பனியனை அம்மாவே ரெண்டு விரல்லதான் தூக்குவாங்க.

அம்மாவா? வேலை முடிச்சு ஆறரைக்கு வருவாங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது. "சின்ன வயசுலயே இவன் அப்படித்தாண்டா! மருந்து கொடுத்தா துப்பிருவான்! இப்ப ரத்தத்துலேயே துப்பறான் பாரு!"

இப்பவும் சிரிக்கலையா? உதடு மட்டும் லேசா... இல்ல. சரி. அந்த மாமாவுக்கு விக்கல் ஜாஸ்தியாயிருச்சு போல, திரை என்னா ஆட்டம் ஆடுது. தண்ணி குடிங்க மாமா!

இதுல உங்க ஆளுங்க செஞ்சதுதான் உச்சம். உங்க ஆய்வகத்துல ஒரு மேடம் இருக்காங்களாமே, பெரியவங்க? நான் பாத்ததில்ல. குரல் மட்டும்தான் தெரியும், போன்ல. அடேங்கப்பா! ஒரு குரல் அது. இரும்புக் கதவைத் திறக்கற மாதிரி. "நேரஅஅம்? நேரம் எழுதினியாஅ? நேரம் எழுதாத ரத்தம் வெறும் சிவப்புத் தண்ணி! கொட்டிரு!" அவங்களுக்கு மெஷின் மேல சந்தேகம் வந்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷினைக் கழட்டிப் போட்டுட்டாங்களாம். திருப்பி மாட்டினா ஒரு திருகாணி மிச்சம். ஆனாலும் மெஷின் சரியா இருக்குன்னார் மெக்கானிக். நம்ப மாட்டேன்னு மேடம் குழாய்த் தண்ணியை ஊத்திப் பாத்திருக்காங்க. சைபர். வார்டுக்கு போன் போட்டு, "உங்க பதினேழாம் கட்டில் ரத்தமும் எங்க குழாய்த் தண்ணியும் ஒண்ணு! நேரம் எழுதிக்கோங்க!"ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் ரத்தம் அக்கா அது! கிருமி இல்லாத, கலப்படம் இல்லாத, கிட்னிக் கணக்குல நூத்துக்கு நூறு வாங்கின ரத்தம். அதைப் போய் குழாய்த் தண்ணின்னா?

அந்த போன் எனக்கு எப்படித் தெரியும்னா... இதைச் சொல்லலாமா? நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. அந்த மேடம்கிட்ட மட்டும் சத்தியமா சொல்லக் கூடாது. தலையை ஆட்டினீங்க, நான் பாத்தேன். சரி.

போனை எடுத்ததே நான்தான்.

முதல் சைபர் வந்த அன்னிக்கு. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அதோ அந்த மேஜை போன்தான். சிஸ்டர் நாலாம் கட்டில்ல கட்டு மாத்திக்கிட்டு இருக்காங்க. நான் சும்மா நின்னேன். கை தானா போச்சு. எடுத்தா, மேடம். "பதினேழாம் கட்டில், மருந்துக்கு முன்னாடி எடுத்த ரத்தம்தானா? ஆள் சரியாஅ?" நான் என்ன சொல்லியிருக்கணும்? 'இருங்க, சிஸ்டரைக் கூப்பிடறேன்'னு சொல்லியிருக்கணும். நான் என்ன சொன்னேன்...

என்ன சைகை காட்டறீங்க? எப்படிச் சொன்னேன்னா? பேசிக் காட்டவா? நிஜமாவா? அக்கா, நீங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்வேனா? இருங்க, தொண்டையைச் சரி பண்ணிக்கறேன். சிஸ்டர் குரல் மூக்குலேர்ந்து வரும், கடைசி வார்த்தையைக் கத்திரிக்கோல் மாதிரி வெட்டுவாங்க.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க மேடம். பதினஞ்சு வருஷமா நான் இந்த வார்டுல இருக்கேன். ரத்தம் எடுக்கறப்ப நான் பக்கத்துலயேதான் நின்னேன். முதல்ல கைக்கட்டு பாத்தேன், அப்புறம் மூஞ்சி பாத்தேன். அதே பையன்தான். என் கண்ணு பொய் சொல்லாது. வெக்கட்டுமா?"

அச்சு அசல்! கேட்டீங்களா? அந்த 'வெக்கட்டுமா'வுக்கு நான் மூணு நாள் பழகினேன். அந்த மேடம், இரும்புக் கதவு, "சரிங்க சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க"ன்னுட்டாங்க! என்கிட்ட! ரெண்டாவது தடவை குழாய்த் தண்ணி சேதியும் நான்தான் வாங்கினேன். மூணாவது தடவையும் கேட்டாங்க, மூணாவது தடவையும் அதே பையன்தான்னுட்டேன்.

என்ன எழுதறீங்க இவ்வளவு நீளமா? நேரம் எழுத இவ்வளவு காகிதமா?

...அக்கா. அந்த சிரிப்பு சொல்றேன்னேனே. அது இதுதான். இது வரைக்கும் சிரிப்புதான். முந்தாநாள் மூணாவது சைபர் வந்த வரைக்கும் எனக்கும் சிரிப்புதான். போர்வைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு சிரிச்சேன்.

இன்னிக்குக் காலையில அண்ணன் கண்ணு முழிச்சான். என்னைப் பாத்து, "விசில் அடிக்காதடா"ன்னான். நான் அடிக்கலன்னேன். "அடிக்கற. ஙீஈஈன்னு. ராத்திரி பூரா அடிக்கற. நிறுத்து." அண்ணே, சத்தியமா நான் இல்லன்னேன். நம்பல. எப்படி நம்புவான்? கொசு மாதிரி, குக்கர் மாதிரி, அடுத்த வீட்டு நாய் மாதிரியெல்லாம் ராத்திரி ராத்திரி கத்தி அவனை எழுப்பினவன் நான். அதனால நான் என்ன செஞ்சேன்னா... ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டேன். மூக்கையும் சேத்து. அப்படியே அவன் முன்னாடி உக்காந்தேன். அவன் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் சொன்னான், "இப்பவும் அடிக்கற."

அக்கா, எனக்குத் தெரிஞ்சு நான் செய்யாத ஒரே சத்தம் அது.

தொட்டி ரொம்ப நின்னா கிட்னி காதெல்லாம் போயிரும்னாரே டாக்டர். கிட்னியையும் அதே ரத்தத்துலதானே பாக்கறாங்க? அது என் கிட்னி! நூத்துக்கு நூறு! அப்ப இவன் கிட்னியை யார் பாத்தா? நேத்துலேர்ந்து அவன் பாத்ரூம் போறதே குறைஞ்சிருக்கு. ஒளியறதுக்குத்தான் போறான். இப்ப ஆறு மணிக்கு மாட்டப் போறது எவ்வளவு தெரியுமா? ரெண்டு கிராம். காலையில கட்டில் கால்மாட்டுப் பலகையில பாத்தேன்.

டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானேங்கறீங்களா? சொன்னேனே! காலையில வந்தப்பவே, "டாக்டர், அது என் ரத்தம்"னேன். டாக்டர் என்னைக் கண்ணாடிக்கு மேல பாத்தார். நாலு நாள் முன்னாடி அவர் மாதிரியே 'ஹ்ம்ம்ம்' போட்டு மூணாம் கட்டில் தாத்தாவை வீட்டுக்குப் போகச் சொல்லி, அவரும் பையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பி, வாசல்ல புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அதை டாக்டர் மறக்கல. சிரிச்சார். பதினாலு மாணவர்களும் சிரிச்சாங்க. "டாக்டர், நிஜமா"ன்னேன். இன்னும் சிரிச்சாங்க. அக்கா, என் வாழ்க்கையில நான் சொன்ன எதுக்கும் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் சிரிச்சதில்ல. அண்ணனும், ஊசிக்குப் பயந்துக்கிட்டு, "விளையாடறான் சார்"னுட்டான். காதுல விசில்னு அவனைச் சொல்லச் சொன்னா, "நீ அடிக்கறதை நான் ஏன் டாக்டர்கிட்ட சொல்லணும்"ங்கறான்.

சிஸ்டர்கிட்ட போனேன். சிஸ்டர் மேஜையில உக்காந்து கடிதம் எழுதிக்கிட்டு இருக்காங்க. விளக்கம் கேட்டிருக்காங்களாம் மேலேர்ந்து. ஆய்வகத்துலேர்ந்து மூணு தடவை போன்ல கேட்டோம், மூணு தடவையும் ஆள் சரின்னு சொன்னீங்களாமேன்னு. "நான் போனே பேசலயே"ன்னு சிஸ்டர் எழுதறாங்க, கிழிக்கறாங்க, எழுதறாங்க, கிழிக்கறாங்க. நாலு காகிதம். யாரும் நம்பல. பதினஞ்சு வருஷம் அக்கா. நான் பக்கத்துல போய் நின்னேன். என் குரலே வரல. எல்லாருடைய குரலும் வருது, என்னுது வரல.

அதனாலதான் இந்தத் திட்டம். கட்டில் காலியா இருந்தா நீங்க என்ன செய்வீங்க? 'ஆள் இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிருவீங்க. ஆறு மணிக்கு ரெண்டு கிராம் ஏறிரும். அதனால நான் படுத்துக்கிட்டு உங்களைப் பேச்சுலேயே புடிச்சு வைக்கறேன். அஞ்சே முக்காலுக்குத் துடைக்கற அண்ணன் வருவார், வாளியில சக்கரம் கிறீச் கிறீச்சுன்னு. "உள்ள யாரு! வெளிய வா! ராஜாவா இருந்தாலும் வெளிய வா!" கதவைத் தட்டுவார். எங்க அண்ணன் வெளிய வந்துதான் ஆகணும். வந்த உடனே நான் ஒரு கையைப் புடிச்சுக்கறேன், நீங்க இன்னொரு கை. அவன் ரத்தம், நிஜ ரத்தம், இன்னிக்குப் போயே ஆகணும். அவன் அழுவான். அழட்டும். மயங்குவான். மயங்கினா நல்லது, மயக்கத்துல போட்டது கணக்குல வராது.

கேக்குதா? கிறீச் கிறீச். வந்துட்டார்! அக்கா, பட்டையை எடுத்து வெச்சுக்கோங்க. மணி அஞ்சு நாப்பத்தஞ்சு. கதவைத் தட்டறார்... திறக்கறார்...

என்னது, உள்ள துடைப்பத்தைக் கொண்டு போயிட்டார்? அப்ப உள்ள ஆளே இல்லையா?

அண்ணே!

எங்க போனான் அந்தக் காலை வெச்சுக்கிட்டு? மாடிக்கா? அக்கா, எழுந்திருங்க, தேடணும்! ஏன் உக்காந்தே இருக்கீங்க? பதினஞ்சு நிமிஷத்துல பாட்டில் வந்துரும்! சிஸ்டரைக் கூப்பிடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க, நான் எல்லார் காலுலயும் விழறேன், நீங்க சொன்னா நம்புவாங்க, நீங்க கோட்டு போட்டிருக்கீங்க! அந்த ஆய்வகத்து மேடத்துக்கு போன் போடுங்க, அந்த இரும்புக் கதவுகிட்டயே சொல்லிடறேன், கொன்னாலும் பரவால்ல! ஏதாவது பேசுங்க அக்கா! அரை மணி நேரமா ஒரு வார்த்தை பேசலையே நீங்க!

...

என்ன கேட்டீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க.

'நேரஅஅம்?'

...அக்கா. அந்த அட்டையைக் கொஞ்சம் திருப்புங்க.

வேண்டாம். திருப்பாதீங்க. தெரிஞ்சுபோச்சு. எனக்குக் குரல் ஒரு தடவை கேட்டா போதும். மேடம், நான் இரும்புக் கதவுன்னது... நல்ல அர்த்தத்துல. உறுதியான கதவு.

எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க? ...ஓ. உடம்புல கிருமி இருந்தா ரத்தத்துல தெரியுமா? ஜொரத்துல கெடக்கறவன் ரத்தம் அவ்வளவு ஆரோக்கியமா இருக்காதா? அதான் என் ரத்தமே என்னைக் காட்டிக் கொடுத்துருச்சா. நூத்துக்கு நூறு வாங்கினது தப்பு.

மேடம், திட்டறதெல்லாம் அப்புறம் திட்டுங்க. ரெண்டு கிராம். ஆறு மணி. அதை மட்டும்... நிறுத்தியாச்சா? எப்ப? மத்தியானமேவா? கிட்னி டாக்டருக்கும் சொல்லியாச்சா? காது? ...காதுக்கு நாளைக்குப் பாப்பாங்களா. சரியாயிருமா? 'பாக்கணும்'னா என்ன மேடம் அர்த்தம்? ...சரி. பாக்கணும். சரி.

அப்ப எதுக்கு மேடம் இங்க உக்காந்து இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டீங்க? அந்த நீளக் காகிதம்... சிஸ்டருக்காகவா? போன்ல பேசினது நான்தான்னு என் வாயாலேயே... 'வெக்கட்டுமா' உள்பட எழுதிட்டீங்களா? எங்க கையெழுத்து போடணும்? கொடுங்க. ரெண்டு இடத்துல வேணும்னாலும் போடறேன்.

அண்ணன் ரத்தம்? அதை யார் எடுக்கறது? ...எடுத்தாச்சா? எப்ப? யார் புடிச்சது? கழிவறை வாசல்லயே சிஸ்டரா? மயங்கினானா? ...ரெண்டு தடவையா! சரி, இப்ப எங்க மேடம் அவன்?

எங்க கையைக் காட்டறீங்க?

அங்கயா? அங்க விக்கல் மாமா இல்ல படுத்திருக்கார்? ஸ்கேன்லேர்ந்து... அவர் இன்னும் வரவே இல்லையா? அப்ப அரை மணியா அந்தத் திரை...

சிஸ்டர். வணக்கம் சிஸ்டர். நீங்களும் இங்கதான் இருந்தீங்களா. முதல்லேர்ந்தேவா. முதல்ல... முதல்ல என்னை மன்னிச்சுருங்க சிஸ்டர். இல்ல சிஸ்டர், இது நீங்க இல்ல, நான். என் சொந்தக் குரல்தான். இவ்வளவு மெலிசான்னு எனக்கே இப்பதான் தெரியுது.

அண்ணே... பஞ்சை அழுத்திப் புடி, முழங்கையை மடக்கு. ஏன் மூஞ்சி எல்லாம் தண்ணியா இருக்கு? அழறியா? வலிக்குதா? ஏன் ஆடற? மேடம், இவன் ஏன் இப்படி ஆடறான், ஃபிட்ஸா?

...சிரிக்கறான்.

மேடம், இவன் சிரிக்கறான்! ஒப்பந்தத்துச் சிரிப்பு எனக்குத் தெரியும், அது 'ஹ, ஹ, ஹ'. இது அது இல்ல. மூச்சு வாங்க முடியாம சிரிக்கறான், கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறான், என்னைப் பாத்து!

நேரம் எழுதிக்கோங்க மேடம். அஞ்சு அம்பத்திரண்டு.